ராகி பாஸ், உங்கப்பா ஃபெயில்

பாலக்கோடு,
மாசி மாதம், ஞாயிறு காலை.

அன்பு மகள் யுவராணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உங்கப்பா, ராகி மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று நேற்று வீடியோவில் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், இருந்தாலும் கையால் எழுதிக் கேட்டால்தான் கேட்ட மாதிரி இருக்கிறது, அதனால் கேட்கிறேன், நல்லா இருக்கியா கண்ணு, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அந்த ஊர்க் குளிருக்குக் காலுறை போட்டுக்கொள்கிறாயா. நேற்று போனில் ஒன்றும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உளறிவிடுவேனோ என்று உங்கப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து என் காலை மிதித்துக்கொண்டிருந்தார். இனிமேல் என்னால் அடக்க முடியாது, சொல்லிவிடுகிறேன். நம் ராகி பரீட்சையில் பாஸாகிவிட்டான்! கழுத்தில் பச்சைத் துணி கட்டிவிட்டார்கள், கை தட்டினார்கள், நான் எல்லார் முன்னாலும் அழுது மானத்தை வாங்கினேன். என்ன பரீட்சை, எதற்குப் பரீட்சை என்று முதலிலிருந்து சொல்கிறேன். நீ பங்குனியில் வந்து அவனை டப்ளினுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லி டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறாய். அதை எடுப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்துவிடு. அவன் உன்னோடு வருவதா, இங்கேயே இருப்பதா என்றுதான் கடைசியில் உன்னிடம் கேட்கப்போகிறேன், மறைத்துவைக்க ஒன்றும் இல்லை. போனில் கேட்டால் நான் பாதி சொல்வதற்குள் நீ முழுதாகப் பதில் சொல்லிவிடுவாய், அப்புறம் நீ அழுவாய், நான் அழுவேன், உங்கப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் நீதான். போன ஆடி மாதம் நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் எடுத்த ஒரு வீடியோ அனுப்பினாயே, நினைவிருக்கிறதா. ஒரு பெரிய நாய் கட்டில் கட்டிலாகப் போய்ப் படுத்திருப்பவர்கள் கையில் மூக்கை வைக்கும், அவர்கள் சிரிப்பார்கள், ஒரு தாத்தா அதன் காதைத் தடவிக்கொண்டே ஊசி போட்டுக்கொள்வார். அதன் கீழே நீ, நம்ம ராகியும் இதைச் செய்வான்மா, சோம்பேறியா மட்டும் இல்லாம இருந்தா, என்று எழுதியிருந்தாய். நீ விளையாட்டுக்கு எழுதினாய், எனக்குச் சுருக்கென்றது. தக்காளி மண்டியில் காலிப் பெட்டிக்குள் கண் திறக்காமல் கிடந்தவனைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தது நீ, ராகி மாவு நிறத்தில் இருக்கிறான் என்று பேர் வைத்தது நீ, ஆனால் நீ போன இந்த இரண்டு வருஷமாகக் களி கிண்டிப் போட்டு வளர்த்தவள் நான். என் பிள்ளையைச் சோம்பேறி என்றால் விடுவேனா. நீ சொன்னபடி, வெளிநாடு போகிற நாய்க்குத் தோலுக்கு அடியில் வைப்பார்களே, அந்தச் சிப்பை அவனுக்கு வைக்கக் கால்நடை மருத்துவர் கலைமதியிடம் போனபோது அந்த வீடியோவைக் காட்டி, நாட்டு நாய் இதுக்கெல்லாம் ஆகுங்களா என்று கேட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. சர்க்கரை ஆலைக்குப் போகிற வழியில், பக்கவாதம் வந்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் ஒரு பகல்நேர மையம் இருக்கிறது, காலையில் வேனில் அழைத்து வந்து உடற்பயிற்சி செய்யவைத்துச் சாப்பாடு போட்டு வீட்டில் விடுவார்கள். அங்கே கூட்டிப்போகத் தகுந்த நாய்களைத் தேடிக்கொண்டிருப்பதாகவும், பெங்களூரிலிருந்து வெங்கடாசலம் என்று ஒருவர் மாதம் இரண்டு ஞாயிறு வந்து பழக்குவதாகவும் சொன்னாள். வீட்டுக்கு வந்து உங்கப்பாவிடம் சொன்னேன். நாய்க்கு உத்தியோகமா, எனக்கே அறுபது வயசு வரைக்கும் ஒண்ணும் கெடைக்கலையே என்றார்.

வெங்கடாசலம் ஓசூர்ப் பக்கம் தெலுங்கு வீட்டுக்காரர், பெங்களூரில் இருந்து இருந்து பாதிப் பேச்சு கன்னடம். எதைக் கேட்டாலும் ஸ்வல்ப பொறுமைம்மா என்பார், கொஞ்சம் பொறு என்று அர்த்தமாம். நாயைப் பழக்கறது ஒரு மாசம், நாயை வெச்சிருக்கறவங்களப் பழக்கத்தான் ஆறு மாசம் என்று முதல் நாளே என்னைப் பார்த்துச் சொன்னார், எனக்குக் கோபம் வந்தது, பின்னால் பார்த்தால் அவர் சொன்னதுதான் நடந்தது. உட்கார், படு, இரு எல்லாம் ராகிக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. கீழே கிடக்கிற எதையும் வாயில் எடுக்கக்கூடாது என்பதுதான் பெரிய பாடம், ஏனென்றால் அங்கே யார் கையிலிருந்தாவது மாத்திரை விழுந்து இவன் முழுங்கிவிட்டால் என்ன ஆவது. மற்ற வீட்டு நாய்கள் இதற்கே இரண்டு மாதம் திணறின. நம்மவன் முதல் நாளே தரையில் போட்ட பிஸ்கட்டைப் பார்த்தான், உட்கார்ந்தான், பிறகு அண்ணாந்து மதில்மேல் பார்த்துக்கொண்டே இருந்தான். வெங்கடாசலம் தானும் மதிலைப் பார்த்தார், ஒன்றும் புரியவில்லை. எனக்குத்தான் புரிந்தது. தினமும் சமைத்ததும் காக்காய்க்கு ஒரு கவளம் வைப்பேன் அல்லவா, அது வந்து எடுத்த பிறகுதான் ராகிக்குப் போடுவேன். அதைப் பார்த்துப் பார்த்து, எங்கே தீனி கிடந்தாலும் முதலில் காக்காய் வரவேண்டும் என்று அவனாக முடிவுசெய்து வைத்திருக்கிறான். விஷயத்தைச் சொன்னதும் அந்த மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பெங்களூரில் எல்லாருக்கும் இதைத்தான் சொல்லப்போகிறேன் என்றார். சக்கர நாற்காலியைக் கண்டு மிரளாமல் இருக்கவும் பழக்கவேண்டும். நம் வீட்டில் சக்கர நாற்காலிக்கு எங்கே போவது, எரு தள்ளுகிற கைவண்டியில் சாக்கை விரித்து உங்கப்பாவை உட்காரவைத்து, கைத்தடிக்குப் பதில் கையில் குடையைக் கொடுத்து, வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளினேன். எதிர் வீட்டுக் காசியம்மாள் பார்த்துவிட்டு ஓடி வந்து, ஐயோ மாமாவுக்கு என்னங்க ஆச்சு, எப்பங்க ஆச்சு என்று கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிட்டாள். உங்கப்பா வண்டியில் உட்கார்ந்தபடியே, எனக்கு ஒண்ணும் ஆவல காசி, உங்கக்காவுக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு என்றார். ஆனாலும் இறங்கவில்லை, அதைக் கவனி.

இப்படியெல்லாம் தயார் செய்து கார்த்திகையில் மையத்து ஹாலில் வைத்த முதல் பரீட்சைக்குப் போனோம். அவனைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, நெற்றியில் குங்குமம் வைத்துக் கூட்டிப்போனேன். குங்குமத்தை மட்டும் கலைமதி துடைக்கச் சொன்னாள், தடவுகிற பெரியவர்கள் கையில் ஒட்டிக் கண்ணுக்குள் போய்விடுமாம், போகட்டும். முகம் தெரியாதவர் தடவினார், சும்மா இருந்தான். கைத்தடி ஊன்றி ஒருவர் இடித்துக்கொண்டு போனார், நகர்ந்து வழி விட்டான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கடைசிப் பரீட்சை, அவன் எதிர்பார்க்காதபோது பின்னால் ஒரு சத்தம் போடுவார்கள், அதற்குப் பயந்து ஓடக்கூடாது. கலைமதியின் உதவியாளர் ஓர் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டார். அவ்வளவுதான் கண்ணு. உங்கப்பா கடலைக் கொல்லையில் பொழுது சாயும்போது என்ன செய்வார், உனக்குத் தெரியாததா. காட்டுப்பன்னி இறங்கினால் தட்டைக் கரண்டியால் அடித்து ஓய்ய் என்று ஒரு சத்தம் கொடுப்பார், ராகி வேலியோரமாகப் பாய்ந்து குலைத்துத் துரத்துவான். தட்டுச் சத்தம் கேட்டால் அவனுக்கு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். பயந்து ஓடக்கூடாது என்பதுதானே சட்டம், அவன் பயப்படவே இல்லை, வேலைக்குப் போய்விட்டான்! அந்த ஹாலில் எங்கே பன்னி ஒளிந்திருக்கிறது என்று ஒவ்வொரு நாற்காலிக்கு அடியிலும் பாய்ந்து குலைத்தான், உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்கள், ஒரு பெரியவரின் போர்வையை இழுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனான். முடித்துவிட்டு என்னிடம் வந்து, எல்லாவற்றையும் விரட்டிவிட்டேன் என்கிற மாதிரி வாலை ஆட்டினான். நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன். வெங்கடாசலம் தாளில் ஃபெயில் என்று எழுதினார், எழுதிவிட்டு, தப்பு நாய் மேல இல்லம்மா, நீங்க சொல்லிக்கொடுத்ததை ரொம்ப நல்லாக் கத்துக்கிட்டிருக்கான் என்றார்.

கொல்லைக்கும் காவல் இருந்து மையத்துக்கும் போவது ஒரே நாயால் ஆகாது, தட்டுச் சத்தத்தை அவன் அடியோடு மறக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்படி மறந்தால் கடலையை யார் பார்ப்பது. உங்கப்பாவிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்து யோசித்துக் குழம்பைத் தீய்த்தேன். கேட்டதும் அவர் இரண்டு நாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போனார், வந்தார், தின்றார், படுத்தார். மூன்றாம் நாள் கொல்லையிலிருந்து அந்த அடிவாங்கிய தட்டைக் கொண்டு வந்து அடுப்பங்கரையில் என் எதிரில் வைத்தார். இனிமே இதுல அவனுக்குச் சோறு போடு, பன்னிய நான் வேற மாதிரி பார்த்துக்கறேன் என்றார். வேறு மாதிரி என்றால் என்ன தெரியுமா, என் பழைய புடவைகளை எல்லாம் வாங்கிக் கொல்லையைச் சுற்றி வேலியாகக் கட்டிவிட்டார். காற்றில் ஆடினால் பன்னி ஆள் நிற்கிறது என்று கிட்டே வராதாம். போதவில்லை என்று உன் காலேஜ் சுடிதார் துப்பட்டாக்களும் போய்விட்டன, கோபித்துக்கொள்ளாதே, அந்த மஞ்சள் துப்பட்டாவை மட்டும் ஒளித்துவைத்திருக்கிறேன். கட்டி முடிப்பதற்குள் ஒரு நாள் பன்னி புகுந்து நாலு சால் கடலையைத் தின்றுவிட்டுப் போனது. அதற்கு உங்கப்பாவிடம் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை, பார்த்துக்கொள், இதே மனுஷன் அவனை வாசற்படி தாண்டி உள்ளே விடமாட்டேன் என்று சொன்னவர்.

பிறகு ஆரம்பித்தது எங்கள் தட்டுக் கச்சேரி. ஒரு நாளைக்கு இருபது தடவை நான் தட்டைக் கீழே போடுவேன். அவன் எழுந்து பாயப் பார்ப்பான், உடனே, நம்ம வேலை இல்லடா என்று சொல்லித் தலையைத் தடவி அதே தட்டில் ஒரு துண்டு களி வைப்பேன். முதலில் மெதுவாகப் போட்டேன், பிறகு இடுப்பு உயரத்திலிருந்து, பிறகு சமையல்கட்டிலிருந்து கூடத்துக்கு வீசினேன். அக்கம்பக்கத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை முற்றிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார்கள். காசியம்மாள் ஒரு நாள் சமாதானம் பேச வந்துவிட்டாள், வயசான காலத்துல என்னங்கக்கா இது, புள்ள தூர தேசத்துல இருக்குது, தெரிஞ்சா மனசு கஷ்டப்படாதா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் ஒரு தட்டைப் போட்டேன், அவள் துள்ளினாள், ராகி காதை மட்டும் அசைத்துவிட்டுப் படுத்தே கிடந்தான். அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. ஒன்றரை மாதம் ஆயிற்று இதற்கு.

தை மாதக் கடைசியில் மறுபரீட்சை. இந்த முறை நீ கேட்டு வாங்கிப்போட்ட நீலக் கழுத்துப்பட்டையைத்தான் கட்டினேன். உங்கப்பாவும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார், யாரும் கூப்பிடவில்லை, சும்மாதான் வர்றேன் என்றார். தடவல், தடி, நாற்காலி, பிஸ்கட் எல்லாம் ஆயிற்று, மதிலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான். தட்டையும் போட்டார்கள். அவன் விறைத்து எழுந்தான், என் முகத்தைப் பார்த்தான், நம்ம வேலை இல்லடா என்றேன், பெருமூச்சு விட்டுப் படுத்துவிட்டான். அப்புறம் ஒரு பரீட்சை இருக்கிறது, வளர்க்கிறவர் மூன்று நிமிஷம் கண்ணில் படாமல் வெளியே போய்விடவேண்டும், நாய் மற்றவரோடு அமைதியாக இருக்கவேண்டும். அவன் இருந்தான், எனக்குத்தான் இருக்க முடியவில்லை. கதவுக்கு வெளியே நின்று ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தேன், கலைமதி கையை ஆட்டி விரட்டினாள். பெங்களூர் ஏர்போர்ட்டில் நீ உள்ளே போன பிறகும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இப்படித்தான் நின்றேன், உங்கப்பா வந்து இழுத்துக்கொண்டு போனார். மூன்று நிமிஷம் முடிந்தது, உள்ளே வந்தேன், வெங்கடாசலம் பேனாவை எடுத்தார். அந்த நேரம் பார்த்து மையத்துச் சமையலறையில் கழுவி அடுக்கிவைத்த தட்டு வரிசை மொத்தமும் சரிந்தது. நாற்பது தட்டாவது இருக்கும், இடி விழுந்த மாதிரி சத்தம். ராகி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான், நான் வாயைத் திறப்பதற்குள் அவனாகவே தலையைக் கீழே வைத்துவிட்டான். ஆனால் என் பின்னாலிருந்து ஓய்ய்ய் என்று ஹாலே அதிர ஒரு கூப்பாடு. திரும்பிப் பார்த்தால் உங்கப்பா நாற்காலியை விட்டு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துண்டைச் சுழற்றியபடி வாசலுக்கு ஓடுகிறார்! பாதி தூரம் போன பிறகுதான் இது கொல்லை இல்லை என்று உறைத்தது. அப்படியே நின்றார், துண்டை மெதுவாக மடித்தார், யாருக்காவது தண்ணி வேணுங்களா என்று கேட்டார். அந்த ஹாலில் பேச்சு வராதவர்கள்கூட அன்றைக்குச் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். வெங்கடாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ராகி பாஸும்மா, உங்க வூட்டுக்காரர் ஃபெயில், அவரை அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க என்றார். உங்கப்பாவை இப்போது கடைத்தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் பரீட்சை எப்ப மாமா என்கிறார்கள்.

பாஸானாலும் மூன்று புதன்கிழமை பழகிப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாகச் சேர்ப்பார்கள். முதல் புதன் போனபோது மூலையில் ஜன்னலோரம் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யார் தெரியுமா, உன் பத்தாம் வகுப்புக் கணக்கு லூர்துமேரி டீச்சர். எனக்கு அடையாளமே தெரியவில்லை. போன வருஷம் பக்கவாதம் வந்ததாம், வலது கை மடியில் துணி மாதிரிக் கிடக்கிறது. பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது, இன்னும் கூர்மை. பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை இடது கையால் தூக்கி எறிந்துவிட்டாராம், பந்து உருட்ட நான் என்ன பால்வாடிக் குழந்தையா என்று. எட்டு மாதமாக அந்தக் கைக்கு ஒரு பயிற்சியும் இல்லை. நாய் கிட்ட வேண்டாம், எனக்குப் பழக்கமில்லை என்று எங்களையும் விரட்டினார். நான் கயிற்றை இழுத்தேன், ராகி நகரவில்லை. அவனைத்தான் உனக்குத் தெரியுமே, அசையாமல் இருக்கிற கை என்றால் பிடிக்கும், போய் அந்த வலது கைக்கு அடியில் தலையை நுழைத்து அப்படியே சாய்ந்துவிட்டான். டீச்சர் திட்டிக்கொண்டே இருந்தார், அவன் கண்ணை மூடிக்கொண்டே இருந்தான், பத்து நிமிஷம் திட்டிய பிறகு அவர் சத்தம் குறைந்தது. இரண்டாம் புதன் போனபோது எங்களுக்காக நாற்காலியை ஜன்னலிலிருந்து வாசல் பக்கம் திருப்பிப் போடச் சொல்லியிருந்தார். இரண்டு விரல், கண்ணு, அந்த வலது கையில் இரண்டு விரல் அவன் காதுமேல் நகர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பயிற்சி கொடுக்கிற பெண் என் தோளைப் பிடித்துக் கிள்ளினாள், பேசாதீங்க, பேசாதீங்க என்றாள். போன புதன்கிழமை சீப்பை அந்தக் கையில் கட்டிவிட்டார்கள், அவன் முதுகை நாலு முறை வாரினார், வியர்த்துவிட்டது. இன்னமும் ஒரு தம்ளரைப் பிடிக்க முடியாது, உடனே சரியாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். யார் வீட்டு நாய் என்று கேட்டார். நம்ம யுவராணி நாய்ங்க டீச்சர் என்றேன். யாரு, சூத்திரத்தைத் தலைகீழா எழுதுவாளே அவளா என்றார், சிரித்தார். அப்புறம் ராகியைப் பார்த்துக்கொண்டே, அடுத்த புதனும் வருவானா, பங்குனி சித்திரையெல்லாம் வருவானா என்று கேட்டார். நான் குனிந்து ராகியின் கயிற்றைச் சரிசெய்தேன். உன் டிக்கெட் நினைவுக்கு வந்துவிட்டது.

இதுதான் விஷயம். வேறு நாயைப் பழக்கினால் என்ன என்று கேட்பாய், நானும் வெங்கடாசலத்தைக் கேட்டேன். பழக்கலாம்மா, ஆனா தொட்டா மனுஷங்க மேல சாயற நாய் பத்துல ஒண்ணுதான் என்றார். அதற்காக உனக்கு அவன் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. வேலை முடிந்து அறைக்கு வந்தால் செருப்புச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லைம்மா என்று நீ போன தீபாவளிக்குச் சொன்னாய், அதைக் கேட்டு நான் எத்தனை நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று உனக்குத் தெரியாது. நீ தனியாக இருக்கும்போது உன் நாயை நான் ஊருக்குக் கொடுத்தால் நான் என்ன தாய். உங்கப்பாவிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் கொஞ்ச நேரம் ராகியின் முதுகைச் சொறிந்துகொண்டிருந்துவிட்டு, அவளுக்கு ஆள்தானே வேணும், நாய்க்குப் பதிலா என்னை அனுப்பு, தட்டுச் சத்தம் கேட்டா நான்கூட நல்லாத்தான் குலைக்கிறேன் என்றார். நான் கிண்டல் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய்ப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்! பெங்களூரைத் தாண்டாத மனுஷன். கடலை எடுத்த பிறகு மூன்று மாதம் வந்து உன்னோடு இருப்பாராம், உனக்குக் களி கிண்டித் தருவாராம், ராகி மாவை அந்த ஊருக்குள் விடுவார்களா என்று கலைமதியிடம் கேட்டிருக்கிறார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினார், நான் எழுதத்தானே செய்கிறேன், சொல்லவில்லையே.

இந்தக் கூரியரில் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று ராகியை உன்னோடு அனுப்புவதற்கு, நாய்களை விமானத்தில் ஏற்றிவிடுகிற அந்த ஏஜென்சி கேட்ட சம்மதத் தாள், ஊசி, சிப், ரத்தப் பரிசோதனை எல்லாம் நீ சொன்னபடி ஒன்று விடாமல் முடித்து இணைத்திருக்கிறேன், அதில் நான் ஏமாற்றவில்லை. இன்னொன்று மையத்தின் தன்னார்வலர் படிவம், இரண்டு வருஷம் புதன்தோறும் வருவதாக உரிமையாளர் கையெழுத்துப் போடவேண்டும். நீங்களே போட்டுடுங்க என்றாள் கலைமதி. நான் போடவில்லை. சிப்பில் இருப்பது உன் பேர், பெட்டிக்குள்ளிருந்து எடுத்தது உன் கை. எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் சரி, அந்த ஒன்றை மட்டும் திருப்பி அனுப்பு, இன்னொன்றைப் பற்றி நான் ஒரு நாளும் ஒரு வார்த்தையும் கேட்கமாட்டேன். அவன் கூண்டில் ஏறி உன்னோடு வரவேண்டும் என்றால் உங்கப்பாவே தைத்த சாக்கு மெத்தையோடு அனுப்பிவைப்போம், அதிலும் எங்களுக்குக் குறை இல்லை. யார் வந்தாலும் உங்கப்பா வருவது வருவதுதான், அதை மாற்ற முடியாது.

மற்றபடி இங்கே வெயில் இப்போதே ஏற ஆரம்பித்துவிட்டது, தக்காளி இரண்டாம் பறிப்பு நடக்கிறது, மாடு சினையாக இருக்கிறது. ராத்திரி டியூட்டி முடிந்து வந்தால் உடனே தூங்கு, போனை நோண்டாதே. தலைக்கு எண்ணெய் வை. உன்னோடு வேலை செய்கிற அந்த மலையாளப் பெண்ணைச் சாப்பிடக் கூப்பிடு, எத்தனை நாள் தனியாகவே தின்பாய். முருகன் உனக்கு நல்ல உடம்பையும் நல்ல மனுஷர்களின் துணையையும் கொடுக்கட்டும், எங்கள் இரண்டு பேரின் ஆசீர்வாதமும் எப்போதும் உன் தலைமேல் இருக்கிறது, ராகி இப்போது என் கால்மேல் படுத்திருக்கிறான், அவன் பங்கும் சேர்த்து.

ஒன்றே ஒன்று மறக்காமல் பார். மையத்துப் படிவத்தின் மேல் மூலையில் சிவப்பு மையில் கோணலாக ஒரு கோடு இருக்கும். பேனா கொட்டிவிட்டது போல என்று நினைத்து வேறு படிவம் கேட்காதே. போன புதன் நான் கிளம்பும்போது லூர்துமேரி டீச்சர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினார், சிவப்புப் பேனா வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார், சீப்புக் கட்டிய துணியாலேயே அதையும் கட்டச் சொன்னார், இடது கையைப் பின்னால் வைத்துக்கொண்டார். அது அவர் வலது கையால் போட்ட டிக்.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா
மலர்விழி கிருஷ்ணப்பன்